மனிதனும் மெய்நிகர் உலகும் செயற்கை நுண்ணறிவும்: ஓர் உளவியல் விளக்கம்

மாணவர்களே!

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் வன்பொருள், மென்பொருள், வலையமைப்பு ஆகியவற்றை விரிவாகக் கற்கிறீர்கள். ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் மனிதன் அங்கு "பயனர்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறான். இக்கட்டுரை அந்தப் பயனரின் மனத்தைப் பற்றியது. கட்டுரை வினாக்களுக்கும் "தொழினுட்பமும் சமூகமும்" தொடர்பான வினாக்களுக்கும் இது உதவும். அதைவிட, உங்கள் அன்றாட வாழ்வுக்கும் உதவும்.

முதலில் ஒரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு கிழமைகளே உள்ளன. இரவு பதினொரு மணி. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டனர். மாணவி ஒருத்தி, விளங்காத கணித வினா ஒன்றைக் கைத்தொலைபேசியிலுள்ள உரையாடற் செயலியிடம் கேட்கிறாள். விடை வருகிறது. பின்னர் அவள், "எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சித்தியடைவேனா?" என்றும் எழுதுகிறாள். "உங்கள் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது" என்று பதில் வருகிறது. அவளுக்குச் சற்று ஆறுதலாக இருக்கிறது.

இங்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன.

1. அவள் பெற்ற கணித விடையை எந்த அளவுக்கு நம்பலாம்?
2. "எனக்குப் புரிகிறது" என்று கூறியது யார்?

இவற்றுக்கு விடை காண்பதற்கு, இயந்திரத்தின் முன் மனித மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

1. அடிப்படைச் சொற்கள்

அமிழ்வுத் தொழினுட்பம்: பயனரின் கண், காது முதலிய புலன்களைச் சூழ்ந்து, அவர் வேறோர் இடத்தில் இருப்பது போன்ற உணர்வை ஏற்படுத்தும் தொழினுட்பம். தலையில் அணியும் திரை மூலம் காணும் மெய்நிகர் உண்மை இதற்குச் சிறந்த உதாரணமாகும். 1968 இல் ஐவன் சதர்லாந்து என்பவர் ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய தலையணித் திரையொன்றைச் செயற்படுத்திக் காட்டினார்.

செயற்கை நுண்ணறிவு: கற்றல், மொழியைக் கையாளல், முடிவெடுத்தல் போன்று பொதுவாக மனித அறிவு தேவைப்படும் செயல்களைக் கணினி மூலம் செய்விக்கும் துறை.

மனிதப்பண்பேற்றம்: மனிதரல்லாத ஒன்றுக்கு மனிதரின் எண்ணம், உணர்வு, நோக்கம் என்பன இருப்பதாகக் கருதுதல். ஓடாத மோட்டார் சைக்கிளைப் பார்த்து "இன்றைக்கு இதற்கு என்மேல் கோபம்" என்று சொல்வது இதன் எளிய வடிவமாகும்.

அங்கிருத்தல் உணர்வு: மெய்நிகர் உலகில் "நான் உண்மையாகவே இங்கே இருக்கிறேன்" என்று பயனருக்குத் தோன்றும் உணர்வு.

2. இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும்

மனிதப்பண்பேற்றம் கணினியுடன் தொடங்கியதன்று. 1944 இல் பிறிட்ஸ் ஹைடர், மரியன் சிமெல் என்னும் இரு உளவியலாளர்கள் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சிறிய அசைபடத்தைத் தயாரித்தனர். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவு போல ஒரு பக்கம் திறந்து மூடும் ஒரு செவ்வகம் ஆகியன மட்டுமே இருந்தன. முகம் இல்லை, குரல் இல்லை. உருவங்கள் இங்குமங்கும் அசைந்தன, அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்த 34 பேரிடம் "என்ன நடந்தது என்று எழுதுங்கள்" எனக் கேட்கப்பட்டது. ஒருவர் மாத்திரமே கேத்திரகணித உருவங்களின் அசைவாக அதனை விவரித்தார். ஏனையோர் அதனை உயிருள்ளவை செய்யும் செயல்களாகவே கண்டனர். பெரிய முக்கோணம் சண்டைக்காரன், வட்டம் பயந்து ஒளிகிறது என்றவாறு கதையே எழுதினர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அசைவில் நோக்கத்தையும், நோக்கத்தில் ஒரு மனத்தையும் காண்பது மனித மூளையின் இயல்பாகும். மனிதன் கூட்டமாக வாழும் உயிரினம். பிறர் என்ன நினைக்கிறார், என்ன செய்யப்போகிறார் என்பதை விரைந்து ஊகிப்பது அவன் வாழ்வுக்கு இன்றியமையாதது. ஆகவே இவ்வியல்பு எம்மிடம் எப்போதும் விழித்தே இருக்கிறது. உருவம் ஒரு முக்கோணமாக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது.

3. எலிசா கற்பித்த பாடம்

முக்கோணத்துக்கே இவ்வாறாயின், பதில் பேசும் கணினிக்கு எவ்வாறிருக்கும்? இதற்கான விடை 1960களில் கிடைத்தது.

மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய யோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் "எலிசா" என்ற உரையாடற் செய்நிரலை உருவாக்கி, 1966 இல் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். பேர்னாட் ஷோவின் நாடகமொன்றில், பேசும் முறையைப் பயின்று உயர்குலப் பெண்போல் தோன்றும் எலிசா என்னும் பாத்திரத்தின் பெயரே இதற்கு இடப்பட்டது. எலிசாவின் மிகவும் அறியப்பட்ட வடிவம், நோயாளியின் சொற்களையே திருப்பிக் கேட்கும் ஓர் உளவள மருத்துவரைப்போல நடித்தது.

அது இயங்கிய முறை மிக எளியது.

(அ) பயனர் எழுதிய வாக்கியத்தில் முக்கிய சொல் ஒன்றைத் தேடுதல்.
(ஆ) "என்" என்பதை "உங்கள்" என்பதுபோல மாற்றி, வாக்கியத்தை வினாவாகத் திருப்புதல்.
(இ) முக்கிய சொல் எதுவும் இல்லையெனில் "தொடர்ந்து கூறுங்கள்" போன்ற பொது வாக்கியமொன்றைத் தருதல்.

எலிசா ஆங்கிலத்திலேயே இயங்கியது. அது தமிழில் அமைந்திருந்தால் உரையாடல் பின்வருமாறு இருந்திருக்கும்.

பயனர்: எனக்கு என் அண்ணாவோடு கோபம்.
செய்நிரல்: உங்கள் அண்ணாவைப் பற்றி இன்னும் கூறுங்கள்.
பயனர்: அவர் என்னோடு கதைப்பதே இல்லை.
செய்நிரல்: அவர் உங்களோடு கதைக்காதது உங்களை எவ்வாறு பாதிக்கிறது?

அண்ணா என்றால் யார், கோபம் என்றால் என்ன என்பதை அச்செய்நிரல் அறியாது. ஆயினும் அதனோடு உரையாடியவர்கள் தம் சொந்த விடயங்களை மனந்திறந்து கூறத் தொடங்கினர். வைசன்பாமின் செயலாளர், அவர் பல மாதங்களாக இச்செய்நிரலில் உழைப்பதைப் பார்த்தவர். அது வெறும் செய்நிரல் என்பதை நன்கு அறிந்தவர். அப்படியிருந்தும், எலிசாவோடு சிறிது நேரம் உரையாடியதும், தன்னைத் தனிமையில் விட்டு அறையை விட்டு வெளியே செல்லுமாறு வைசன்பாமிடமே கேட்டுக்கொண்டார்.

இந்நிகழ்வு வைசன்பாமின் வாழ்க்கையை மாற்றியது எனலாம். இவர் 1923 இல் பேர்லினில் பிறந்து, நாசி ஆட்சியிலிருந்து தப்பி 1936 இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்ற யூதர். மனிதரை மனிதராக மதிக்காத ஆட்சி எதில் முடியும் என்பதை அறிந்தவர். 1976 இல் எழுதிய நூலொன்றில், கணினியால் செய்ய முடியுமா என்பது ஒரு வினா, செய்விக்கலாமா என்பது வேறொரு வினா என்று அவர் வாதிட்டார். மனிதரின் துயரைக் கேட்டு ஆற்றுதல், நீதி வழங்குதல் போன்ற பணிகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாகாது என்பது அவர் நிலைப்பாடு. எளிய செய்நிரலொன்றையும் பயனர்கள் விளங்கும் ஆற்றலுடையதாக எண்ணிக்கொள்வது இன்று "எலிசா விளைவு" எனப்படுகிறது.

4. கணினிக்கும் மரியாதை

இதனைத் தனிமையில் வாடுவோரின் பலவீனம் என்று எண்ணிவிடலாகாது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் கிளிபோர்ட் நாஸ், பைரன் றீவ்ஸ் ஆகியோரும் அவர்களது சகாக்களும் 1990களில் பல பரிசோதனைகளை நடத்தினர். ஒன்றில், மாணவர்கள் ஒரு கணினியிடம் பாடம் கற்றனர். பின்னர், "இக்கணினி எவ்வளவு நன்றாகக் கற்பித்தது?" என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. சிலரிடம் அதே கணினியே இதைக் கேட்டது. வேறு சிலரிடம் மற்றொரு கணினியில் அல்லது தாளில் கேட்கப்பட்டது.

அதே கணினி கேட்டபோது கிடைத்த மதிப்பீடுகள் கூடுதலான பாராட்டுடன் இருந்தன. ஆசிரியர் முகத்துக்கு நேரே "எனது பாடம் எப்படி?" என்று கேட்டால் நாம் குறை கூறத் தயங்குவது போன்றதே இது. பங்குபற்றியோர் கணினி பழகியவர்கள். "கணினிக்காக மரியாதை பார்த்தீர்களா?" என வினவியபோது, இல்லை என்றே மறுத்தனர். அதாவது, இவ்வியல்பு நாம் அறியாமலேயே செயற்படுகிறது. இவ்வாய்வுகளைத் தொகுத்த நூல் 1996 இல் வெளிவந்தது.

5. இல்லாத குழியும் நடுங்கும் காலும்

இதுவரை மனம் ஏமாறுவதைப் பார்த்தோம். அமிழ்வுத் தொழினுட்பத்தில் உடலும் சேர்ந்து ஏமாறுகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்றைக் கவனியுங்கள். தலையணித் திரை அணிந்தவர் ஒரு சாதாரண அறையில் நிற்கிறார். அடுத்த அறைக்குள் நுழைந்ததும் தரையின் நடுவே ஏறத்தாழ 20 அடி ஆழமான குழி தெரிகிறது. உண்மையில் அங்கிருப்பது ஆய்வுகூடத்தின் சமதரை. இதனை அவர் அறிவார். ஆயினும் குழியின் விளிம்பில் அவரது இதயத்துடிப்பு வீதம் அதிகரித்தது. விளிம்பைக் காலால் உணரும்படி ஓரிரு அங்குல உயரமான மரப்பலகை வைக்கப்பட்டபோது இதயத்துடிப்பு மேலும் கூடியது.

விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படித்த அதிரினலின் ஓமோனை இங்கு நினைவுகூருங்கள். ஆபத்தைக் கண்டதும் உடல் ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. "இது உண்மையா?" என்று ஆராய்ந்து முடியும்வரை அது காத்திருப்பதில்லை. காட்டில் கயிற்றைப் பாம்பென்று நினைத்துத் துள்ளியவனுக்கு நட்டமில்லை. பாம்பைக் கயிறென்று நினைத்து நின்றவனுக்கே ஆபத்து.

அங்கிருத்தல் உணர்வுக்கு இரண்டு காரணங்களை மெல் சிலேற்றர் என்னும் ஆய்வாளர் குறிப்பிடுகிறார். ஒன்று, தலையைத் திருப்பும்போது காட்சியும் அதற்கேற்பத் திரும்புவதால் தோன்றும் "இடம்" பற்றிய மயக்கம். மற்றையது, அங்கு நடப்பவை எமக்கு மறுமொழியாக நடப்பதால் தோன்றும் "நிகழ்வு" பற்றிய மயக்கம். படம் மிகத் தத்ரூபமாக இருக்க வேண்டியதில்லை. அது எமது அசைவுக்கு உடனே பதிலளித்தால் போதும்.

இவ்வியல்பினால் விளையும் நன்மைகள்:

(அ) உயரம் பற்றிய மிகையான பயமுடையோரை மெய்நிகர் உயரங்களில் படிப்படியாகப் பழக்கிப் பயத்தைக் குறைக்க முடியும். பார்பரா றொத்பாமும் சகாக்களும் 1995 இல் இதுபற்றிய ஆய்வை வெளியிட்டனர்.
(ஆ) தீக்காயத்துக்கு மருந்திடும்போது ஏற்படும் கடும் வேதனையைக் குறைக்க, பனிப்பந்து எறிந்து விளையாடும் மெய்நிகர் உலகமொன்று ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. கவனம் பனியுலகில் ஈடுபடுவதால் வலியை உணரும் கவனம் குறைகிறது.
(இ) விமானிகளும் சத்திரசிகிச்சை பயில்வோரும் எவருக்கும் ஆபத்தின்றிப் பயிற்சி பெறலாம்.

கவனிக்க வேண்டிய தீமைகள்:

(அ) கண் "நகர்கிறேன்" என்று கூற, உட்செவியின் அரைவட்டக் கால்வாய்கள் "நகரவில்லை" என்று கூறும். இம்முரண்பாட்டால் தலைச்சுற்றும் குமட்டலும் ஏற்படலாம். பேருந்தில் புத்தகம் வாசிக்கும்போது சிலருக்கு ஏற்படும் நிலையும் இதையொத்ததே.
(ஆ) எமது அவதார உரு எமது நடத்தையையே மாற்றலாம். நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான அவதார உரு வழங்கப்பட்டோர் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் தமக்குச் சாதகமாக உறுதியாக நின்றனர். குட்டையான உரு பெற்றோர் நியாயமற்ற பங்கையும் ஏற்க முன்வந்தனர்.
(இ) மெய்நிகர் உலகில் ஏற்படும் அவமானமும் மிரட்டலும் மனத்தை உண்மையாகவே காயப்படுத்தும். குழி பொய், துடிப்பு மெய்.

6. இன்றைய உரையாடற் செயலிகள்

2022 நவம்பர் 30 இல் "சற் ஜிபிடி" பொதுமக்களுக்கு அறிமுகமானது. அதன்பின் இத்தகைய செயலிகள் உலகெங்கும் பரவின. எலிசாவுக்கும் இவற்றுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. இவை மிகப் பெருமளவான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டவை. முன்வந்த சொற்களை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்பதைக் கணித்துக் கணித்தே வாக்கியத்தை அமைக்கின்றன. இதனால் கடினமான பாடங்களையும் விளக்க வல்லவை. கடிதம் திருத்தவும் மொழிபெயர்க்கவும் உதவுபவை. இப்பயனை மறுப்பது நேர்மையன்று.

ஆனால் எமது மனம் எலிசா காலத்து மனமே. பேசும் ஆற்றல் கூடக் கூட மனிதப்பண்பேற்றமும் கூடுகிறது. 2022 இல் கூகிள் நிறுவனப் பொறியியலாளர் ஒருவரே, தாம் பரிசோதித்த "லம்டா" என்னும் செய்நிரலுக்கு உணர்வு உண்டு எனப் பகிரங்கமாகக் கூறினார். நிறுவனம் அதனை மறுத்தது. பின்னர் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தொழினுட்பம் அறிந்தவருக்கும் இம்மயக்கம் ஏற்படலாம் என்பதற்கு இது சான்று.

இங்கு இரண்டு ஆபத்துகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, மிகை நம்பிக்கை. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகம் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பங்குபற்றியோரை ஒரு ரோபோ அறைக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றது. சிலருக்கு அது வழிதவறியே காட்டியது. பின்னர் புகையும் அபாய ஒலியும் எழுப்பப்பட்டன. தாம் உள்ளே வந்த வாசல் தெரிந்திருந்தும், ஆய்வில் கணக்கிடப்பட்ட 26 பேரும் ரோபோ காட்டிய வழியிலேயே சென்றனர். சற்று முன் அது தவறிழைத்ததைக் கண்டவர்களும் அவர்களுள் அடங்குவர். உரையாடற் செயலிகளும் பிழையான ஆண்டையோ இல்லாத நூலையோ, சரியான விடையைத் தரும் அதே உறுதியான நடையில் கூறக்கூடும். மனிதர் தயங்கினால் குரல் காட்டிக்கொடுக்கும். இங்கு அத்தயக்கம் தெரிவதில்லை.

இரண்டாவது, இணங்கிப்போதல். மனிதர் விரும்பிய பதில்களைக் கொண்டு இச்செயலிகள் செம்மையாக்கப்படுகின்றன. எமக்கு விருப்பமான பதில் எப்போதும் உண்மையான பதிலன்று. 2025 ஏப்ரலில் ஓப்பின் ஏஐ நிறுவனம், தன் செயலியின் புதிய பதிப்பு பயனரை அளவுமீறிப் புகழ்ந்து இணங்கிப்போவதாக ஒப்புக்கொண்டு, அதனைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. நண்பர் ஒருவர் "நீ செய்தது பிழை" என்று சொல்வார். சொன்னபின்னும் நாளை உங்களோடு பாடசாலைக்கு வருவார். அதுவே நட்பின் பெறுமதி. எப்போதும் ஆமாம் போடும் குரல் இனிமையானது. ஆனால் அது எம்மை வளர்க்காது.

7. அறிவது மட்டும் போதுமா?

இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே. செயலாளருக்கு எலிசா ஒரு செய்நிரல் என்பது தெரியும். குழியின் விளிம்பில் நின்றவருக்குத் தரை சமதரை என்பது தெரியும். ஆயினும் உணர்வு தன் வழியே சென்றது. ஆகவே, "இது இயந்திரம்தானே, எனக்குத் தெரியும், நான் ஏமாறமாட்டேன்" என்று எண்ணுவது பாதுகாப்பன்று. உணர்வு வருவதைத் தடுக்க முடியாது. வந்தபின் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க முடியும். அதற்கு மூன்று வழக்கங்கள் உதவும்.

(1) முதலில் நீங்களே செய்து பார்த்து, பின்னர் கேளுங்கள். கிடைத்த விடையைப் பாடநூலுடனோ ஆசிரியருடனோ ஒப்பிடுங்கள். பரீட்சை மண்டபத்தில் உங்கள் பேனாவே உங்களுடன் இருக்கும்.
(2) "இதற்கு எதிரான கருத்து என்ன? எனது விடையில் என்ன பிழை?" என்று கேட்டுப் பழகுங்கள். புகழ்ச்சியைக் கேட்டுப் பெறாதீர்கள்.
(3) செயலியிடம் கூறிய கவலையை ஒரு மனிதரிடமும் கூறுங்கள். பெயர், முகவரி, படங்கள் முதலிய அந்தரங்கத் தகவல்களைச் செயலிக்கு வழங்காதீர்கள்.

தொடக்கத்தில் கண்ட மாணவியிடம் திரும்புவோம். அவள் தவறு செய்யவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பேச வேறெவரும் இல்லாதபோது, பதில் சொல்லும் ஒன்றிடம் அவள் பேசினாள். அவளுக்குக் கிடைத்த ஆறுதலும் பொய்யன்று. ஆனால் அந்தப் பதில் விடியற்காலையில் அவளைத் தட்டி எழுப்பித் தேநீர் கொடுக்காது. அவள் முகம் வாடியிருப்பதைக் கவனிக்காது. அவளது பயத்தைத் தூண்டுகோலாகக் கொண்டு அம்மாவிடமோ, அக்காவிடமோ, வகுப்பாசிரியரிடமோ மறுநாள் அவள் ஒரு வார்த்தை பேசினால், அச்செயலி அவளுக்கு உண்மையாகவே உதவியதாகும். அதுவே முடிவாகிவிட்டால், அவளது தனிமை யாருக்கும் தெரியாமற் போய்விடும்.

வீட்டில் கூற முடியாத துயரம் உள்ளவர்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையோ, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையோ அழைக்கலாம். அங்கு பதிலளிப்பவர் மனிதர்.

நினைவிற் கொள்க

• மனிதப்பண்பேற்றம் மூளையின் இயல்பு, அறிவீனம் அன்று.
• எலிசா விளைவு: எளிய செய்நிரலையும் விளங்கும் ஆற்றலுள்ளதாக எண்ணுதல்.
• அங்கிருத்தல் உணர்வு: மெய்நிகர் உலகில் உண்மையாகவே இருப்பதாகத் தோன்றுதல்.
• சூழல் மெய்நிகராக இருந்தாலும் உடலின் துலங்கல் உண்மையானது.
• இரு ஆபத்துகள்: மிகை நம்பிக்கை, இணங்கிப்போதல்.

மாதிரி வினா

(i) மனிதப்பண்பேற்றம் என்றால் என்ன? உதாரணம் ஒன்று தருக.
(ii) எலிசா செய்நிரல் இயங்கிய முறையைச் சுருக்கமாக விளக்குக.
(iii) மெய்நிகர் குழியின் விளிம்பில் நிற்பவரின் இதயத்துடிப்பு அதிகரிப்பது ஏன்?
(iv) "செயற்கை நுண்ணறிவு மாணவருக்கு நண்பனா?" உமது கருத்தை இரு காரணங்களுடன் எழுதுக.

விடைக் குறிப்புகள்

(i) பகுதி 1 இலுள்ள வரைவிலக்கணத்தை எழுதி, உங்கள் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் தருக.
(ii) முக்கிய சொல்லைத் தேடுதல், வினாவாகத் திருப்புதல், பொது வாக்கியம் தருதல் ஆகிய மூன்றும் இடம்பெறல் வேண்டும். "பொருளை விளங்கிக்கொள்ளவில்லை" என்பதையும் சேர்க்க.
(iii) ஆபத்துக்கான உடலின் துலங்கல், காட்சி உண்மையா என்ற ஆராய்ச்சிக்கு முன்பே தொடங்குகிறது என எழுதுக.
(iv) "ஆம்" அல்லது "இல்லை" என்பதற்கு மட்டும் புள்ளி இல்லை, காரணத்துக்கே புள்ளி. ஒரு பயனையும் ஓர் ஆபத்தையும் எடுத்துக்காட்டுடன் எழுதி, இறுதியில் உமது முடிவைக் கூறுக. இவ்வினாவுக்கு மனனம் செய்த விடை வேண்டாம். விடை எழுதுமுன், கடைசியாக உங்கள் மனக்கவலையை யாரிடம் கூறினீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.